விடுறதோ, எடுக்கிறதோ?

சாவகச்சேரிச் சந்தையடியில் இருக்கிறது என் சலூன். கதிரையில் வந்து இருக்கிறவர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் சொல்லுவது இரண்டே வசனம். "வழமை போலத்தான் அண்ணை" என்பது ஒன்று. "அளவா வெட்டிவிடுங்கோ" என்பது மற்றது. சொன்ன கையோடு கண்ணை மூடிவிடுவார்கள், அல்லது பேப்பரை விரித்துப் பிடிப்பார்கள். அடிக்கடி வருகிறவர் "வழமை போல" என்றால் அதில் பிழையில்லை, அவருடைய தலை என் கைக்குத் தெரியும். ஆனால் கொடிகாமத்தில் இருந்து முதல் தடவையாக வந்தவரும் அதைத்தான் சொல்லுகிறார். அவருடைய வழமை எந்தத் தொழிலாளியின் கையில் இருக்கிறதோ, நான் அதை எங்கே போய்த் தேடுவது?

கத்தரிக்கோலை எடுக்க முன்னம் கதைக்கிற இரண்டு நிமிடத்திலேயே வெட்டில் பாதி முடிந்துவிடும் என்று நம்புகிறவன் நான். அந்த இரண்டு நிமிடத்தில் என்ன கதைப்பது என்பதைக் கதிரையில் இருக்கிறவருக்கும், பின்னால் நின்று தொழில் பழகுகிற இளம் பெடியனுக்கும் சேர்த்துச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

"ஒரு இஞ்சி வெட்டுங்கோ" என்று ஒருவர் சொன்னால் அதை இரண்டு விதமாக விளங்கிக்கொள்ளலாம். இருக்கிற மயிரில் ஒரு இஞ்சியை எடு என்றும் விளங்கும். தலையில் ஒரு இஞ்சி நிற்க மிச்சத்தை எடு என்றும் விளங்கும். மூன்று இஞ்சி வளர்ந்த தலையில் முதலாவது விளக்கப்படி இரண்டு இஞ்சி தலையில் நிற்கும், இரண்டாவதன்படி இரண்டு இஞ்சி நிலத்தில் கிடக்கும். நாங்கள் மயிரை இடக்கை விரல் இரண்டுக்கும் நடுவில் பிடித்து, விரலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதைத்தான் வெட்டுகிறோம். எங்கள் கண் வெட்டுப்படப் போவதில் இருக்கும். வந்தவருடைய மனமோ விரலுக்கு உள்ளே இருப்பதில், அவர் வீட்டுக்குக் கொண்டுபோகப் போவதில் இருக்கும். அதனால் "விடுறதோ, எடுக்கிறதோ?" என்று கேட்காமல் நான் தொடங்குவதில்லை. முன்பக்கத்தில் ஒரு பிடி பிடித்து, வெட்டாமல் கண்ணாடியில் காட்டுவேன். "இவ்வளவு போகும், இவ்வளவு நிக்கும். சரியோ?" சரி என்று அவர் வாயால் வந்தபிறகுதான் கத்தரிக்கோல்.

இப்படிக் கேட்கிற முறையைச் செம்மைப்படுத்தித் தந்தவர் வாய் பேசாத ஒருவர். கைதடி நவீல்ட் பாடசாலையில் படித்த பெடியன், காது கேளாது. முதல் தடவை தனியாகத்தான் வந்தார். கதிரையில் இருந்தபடி காதுக்கு மேல் ஒரு விரலைக் கிடையாக வைத்து, அதிலிருந்து கீழே உள்ளங்கையால் வழித்துக் காட்டினார். இதுவரை ஒட்ட வெட்டு. பிறகு உச்சியில் இரண்டு விரலைப் படுக்கவைத்தார். இவ்வளவு நிற்க வேண்டும். முன்மயிரை நெற்றியில் விழுத்தி, புருவத்துக்கு மேல் விரலால் ஒரு கோடு கீறினார். பிடரியில் நேராக ஒரு கோடு. கடைசியாக உச்சந்தலைச் சுழியைத் தொட்டுவிட்டு, வேண்டாம் என்று கையை அசைத்தார். அரை நிமிடம் கூட ஆகியிராது. எந்த ஸ்ரைலின் பெயரும் இல்லை. ஆனால் பக்கம் எந்த உயரத்துக்கு, மேலே எவ்வளவு நீளம், முன்மயிர் எதுவரை, பிடரி என்ன வடிவம், எதைத் தொடக்கூடாது என்று எனக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிட்டது.

வாய் பேசுகிறவர்களில் இவ்வளவையும் சொல்லுகிறவரைக் காண்பது அருமை. அதன்பிறகு எல்லோரிடமும் "விரலாலை காட்டுங்கோ" என்று கேட்கத் தொடங்கினேன். பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். கூச்சப்பட்டாலும் தன் தலையைத் தானே தொட்டுக் காட்டிய மனிசன் முகம் சுருங்கி எழும்பிப் போனதை நான் காணவில்லை. ஸ்ரைலின் பெயரை மட்டும் சொன்னவர்களில் கண்டிருக்கிறேன். ஸ்ரெப் கட், பங்க், மஷ்ரூம், பொலிஸ் கட், இப்போது பேட் என்று காலத்துக்குக் காலம் பெயர் மாறுகிறது. ஒரே பெயருக்கு மீசாலையில் ஒரு வெட்டு, நெல்லியடியில் இன்னொரு வெட்டு. பெயர் எந்தத் திசை என்று காட்டும், எவ்வளவு தூரம் என்று காட்டாது.

வெட்ட வருகிற அன்றைக்கு எண்ணெய் வைக்காமல், நாளாந்தம் எப்படித் தலை இழுப்பீர்களோ அப்படி இழுத்துக்கொண்டு வாருங்கள். கன்ன உச்சி எந்தப் பக்கம், மயிர் எங்கே படிகிறது, எங்கே எழும்புகிறது என்பதை நீங்கள் கதவால் உள்ளே வரும்போதே நான் பார்த்துவிடுவேன். எண்ணெய் வைத்து வழித்து இழுத்த தலை எனக்கு ஒன்றும் சொல்லாது. நனைந்த மயிர் இழுபடும் என்பதையும் தெரிந்துவையுங்கள். சுருட்டை மயிர் இன்னும் கூட இழுபடும். ஈரத்தில் புருவத்தைத் தொட்ட முன்மயிர் காய்ந்ததும் நடு நெற்றிக்கு ஏறி நிற்கும். ஆகவே சுருட்டைத் தலைக்காரருக்கு நான் நினைத்ததை விட ஒரு விரல் கூட விட்டுத்தான் முதல் சுற்று வெட்டுவேன், காய்ந்தபிறகு மிச்சம்.

சுழியைப் பற்றி எங்கள் ஊரில் கதைகள் ஏராளம். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கலியாணம் என்பார்கள், குழப்படி என்பார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சுழியில் மயிர் வட்டமாக முளைக்கிறது. அந்த இடத்தைக் கட்டையாக எடுத்தால் அது படிய மறுத்து நட்டுக்கொண்டு நிற்கும். ஒன்றில் பாரம் இருக்க நீளமாக விடவேண்டும், இல்லையென்றால் நிற்கவே நீளம் இல்லாமல் ஒட்ட எடுக்கவேண்டும். நடுவில் விட்டால் அடுத்த மூன்று கிழமையும் அவர் தண்ணீர் தொட்டுத் தடவிக்கொண்டு திரியவேண்டியதுதான்.

இன்னொரு கேள்வியும் கேட்பேன். "அடுத்த முறை எப்ப வருவியள்?" மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். பக்கங்களைத் தோல் தெரிய வழித்த தலை இரண்டு மூன்று கிழமையிலேயே வடிவு குலைந்துபோகும். அரச அலுவலகத்தில் வேலை செய்கிறவர், மாதச் சம்பளத்தோடு வருகிறவர், அவருக்கு வளர வளர வடிவாக இருக்கிற வெட்டு வேண்டும். வயல் வேலை முடித்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எழுதுமட்டுவாளில் இருந்து வருகிற கமக்காரருக்கு வேறு. செவ்வாய், வெள்ளியில் தலையில் கத்தரி படவிடாத வீடுகளும் விரத காலத்தில் வெட்டாதவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கும் எனக்குத் தெரிந்தால்தான் அளவு சரிவரும்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறவர்கள் இலக்கத்தில் கதைப்பார்கள். "சைட் இரண்டு, மேலை கத்தரி." கேட்க நல்ல தெளிவு. மெசினில் பூட்டுகிற சீப்பில் ஒவ்வொரு இலக்கமும் எட்டில் ஒரு இஞ்சி. ஒன்று என்றால் 3 மில்லிமீற்றர், இரண்டு 6, மூன்று 10 அளவில், நான்கு 13. ஆனால் சில மெசின்களின் சீப்பில் மில்லிமீற்றரையே போட்டிருப்பார்கள். அங்கே மூன்று என்றால் 3 மில்லிமீற்றர், இங்கே மூன்று என்றால் 10. தலையில் அது பெரிய வித்தியாசம். வெளிநாட்டில் இலக்கம் சொல்லிப் பழகினவர்கள் இங்கே வந்தால், சீப்பை வாங்கிக் கன்னத்தோடு வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுவது நல்லது. எந்தத் தொழிலாளியும் அதற்குக் கோபிக்கமாட்டான்.

இவ்வளவு கதைக்க இருக்கிறபோது எங்கள் ஆட்கள் கதிரையில் ஏன் வாய் திறப்பதில்லை? அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத எனக்கு மனம் வராது.

அப்பா இளமையில் தகரப் பெட்டியோடு வீடு வீடாகப் போய் வெட்டியவர். திண்ணையில் ஏற விடமாட்டார்கள். வளவுக்குள் மாமர நிழலில் வீட்டுக்காரர் பலகையில் இருப்பார், அப்பா நிலத்தில் குந்தியிருந்து வெட்டுவார். பிள்ளை பிறந்தால் 31ஆம் நாள் துடக்குக் கழிவில் முதல் மயிர் வழிக்கவும் அவர், கலியாணத்துக்கும் அவர், செத்தவீட்டுக்கும் அவர். கூலி பெரும்பாலும் நெல்லாகத்தான், அதுவும் அறுவடைக்கு அறுவடை. "எப்பிடி வெட்டுறது?" என்று அப்பா கேட்க முடியாது. கேட்டால் தொழில் தெரியாதவன் என்று பேச்சு. வீட்டுக்காரரும் சொல்லமாட்டார், தன் தலையைப் பற்றி நாவிதனோடு நின்று கதைப்பதை அவர் குறைவாக நினைத்தார். இரண்டு பக்கமும் வாய் மூடியிருந்த வேலை அது. அந்த மௌனத்தைத்தான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள்.

சலூன் வந்தபிறகு தொழிலாளி நிமிர்ந்து நின்றார். வந்தவர் கதிரையில் இருந்தார். இருவரும் ஒரே கண்ணாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் நேருக்கு நேர் பார்த்தார்கள். என்றாலும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் எல்லோரும் வந்து இருக்க முடியவில்லை. எங்களைப் போலவே ஒடுக்கப்பட்டிருந்த மற்றச் சாதி ஆட்களுக்கு வெட்டினால் உயர்சாதிக்காரர் வருவது நின்றுவிடும் என்று பயந்து பல சலூன்கள் அவர்களைத் திருப்பி அனுப்பின. எங்கள் தொழிலின் பக்கத்தில் இருக்கிற கறை அது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும், 1960களில் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் சனம் போராடிய பிறகுதான் கதவுகள் மெல்ல மெல்லத் திறந்தன.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூனில் தொழில் செய்தபடியே எழுத்தாளரானவர் டொமினிக் ஜீவா. அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966இல் 'மல்லிகை' சஞ்சிகையைத் தொடங்கி நெடுங்காலம் நடத்தினார். 2021இல் காலமாகும்வரை தன் தொழிலை ஒருபோதும் மறைத்தவர் அல்லர். சலூனில் நிற்கிறவன் கேட்கலாம், சொல்லலாம், மறுத்தும் பேசலாம் என்ற தைரியம் அப்பாவின் தலைமுறைக்கு அவரைப் பார்த்தும் வந்தது. மல்லிகை வந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் கடை மேசையில் பத்திரிகைகளோடு அதுவும் கிடந்தது. நான் இன்றைக்கு "எப்பிடி வெட்டுறது?" என்று கேட்கும்போது, அப்பா மாமரத்தடியில் கேட்க முடியாமல் போனதையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பதில் வராவிட்டால் எனக்கு நோகும்.

யுத்த காலத்தில் கதிரையில் நடந்த கதை வேறு. 1990இல் மின்சாரம் நின்றுபோனது. கையால் அமத்துகிற மெசினும் கத்தரிக்கோலும்தான், இருட்டினால் ஜாம் போத்தல் விளக்கு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழும்பி எங்கள் தென்மராட்சிக்கு வந்தது. பள்ளிக்கூடம், கோயில், மரநிழல் எல்லாம் சனம். குளிக்கத் தண்ணீர் இல்லை, சவர்க்காரம் இல்லை. தாய்மார் பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து விட்டார்கள். "மொட்டையா அடிச்சுவிடுங்கோ, பேன் தாங்கேலாமக் கிடக்கு." ஒரு பெண்பிள்ளை, பத்து வயது இருக்கும், பின்னலை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தது. தாயோடு கதைத்தேன், பிறகு பிள்ளையோடு கதைத்தேன். மொட்டை வேண்டாம், காதளவுக்கு வெட்டுவோம், பேன்சீப்பு போடலாம், ஆறு மாதத்தில் திரும்பப் பின்னலாம் என்று மூன்று பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். வெளியே அவ்வளவு சனம் காத்து நின்ற நேரத்திலும் அந்தக் கதை அவசியமாகத்தான் இருந்தது.

இராணுவம் வந்தபிறகு இளம் பெடியள் சட்டைப்பையில் இருந்து அடையாள அட்டையை எடுத்துக் கண்ணாடியடியில் வைப்பார்கள். "இந்தப் படத்திலை இருக்கிற மாதிரி வெட்டுங்கோ அண்ணை." கண்டி வீதியில் சென்றியில் நிற்கிறவன் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். மிகவும் கட்டையாக வெட்டியிருந்தால் இயக்கமோ என்று கேள்வி வரும். படத்தில் கன்ன உச்சி என்றால் தலையிலும் கன்ன உச்சி இருக்கவேண்டும். அந்தப் பெடியள் எவ்வளவு நுணுக்கமாகச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. தங்கள் உயிருக்கு அளவு சொன்னார்கள்.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் இடிந்து கொட்டுண்டது. திரும்பி வந்தபோது கடைக்குக் கூரையும் இல்லை, சுவர்க் கண்ணாடியும் இல்லை. ஒரு கைக்கண்ணாடியோடு தொடங்கினேன். அதில் தலை முழுக்கத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பக்கமும் முடிய "தொட்டுப் பாருங்கோ" என்பேன். பெரிய கண்ணாடி வந்தபிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிகிற பக்கத்தில் பாரம் கூட இருந்தால் விரல் சொல்லிவிடும்.

இன்றைக்கு என் நேரத்தில் கூடிய பங்கை எடுப்பவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பெடியள். சாவகச்சேரி இந்துவில் படிக்கிறவர்களும் டிறிபேர்க்கில் படிக்கிறவர்களும் சனி, ஞாயிறில் தகப்பனோடு வருவார்கள். ஒரு தலைக்கு மூன்று பேர் கட்டளை. தகப்பன் வாசலில் நின்றே சொல்லுவார், "நல்லா ஒட்ட வெட்டிவிடுங்கோ அண்ணை, இரண்டு மாதத்துக்குத் தாங்க வேணும்." பாடசாலை, காதுக்கு மேல் கோடு கீறக்கூடாது, பக்கத்தை வழிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கும். பெடியன் ஒன்றும் சொல்லமாட்டான், தொடையில் கவிழ்த்து வைத்த போனில் ஒரு படம் இருக்கும். காசு தருகிறவர் தகப்பன் என்பதற்காக அவரோடு மட்டும் கதைத்து வெட்டி அனுப்பினால், அந்தப் பிள்ளை திங்கட்கிழமை வகுப்புக்குத் தலை குனிந்துகொண்டு போகும். அந்த வயதில் தலைமயிர் சின்ன விசயம் அல்ல.

நான் கண்ணாடியில் பெடியனைப் பார்த்து முதல் கேள்வியைக் கேட்பேன். "தம்பி, உமக்கு எதைத் தொடக்கூடாது?" என்ன வேண்டும் என்று கேட்டால் தகப்பனைப் பார்ப்பான். எதைத் தொடக்கூடாது என்று கேட்டால் வாய் திறப்பான். "முன்னுக்கு, அண்ணை." பிறகு தகப்பன் பக்கம் திரும்பி, "பள்ளிக்கூடத்திலை எதுக்கு அண்ணை பேசுறவை?" என்று கேட்பேன். பெரும்பாலும் பக்கங்களுக்கும் பிடரிக்கும்தான். முன்மயிர் கன்ன உச்சிக்குள் படிந்தால் எந்த ஆசிரியரும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆகவே பக்கத்தை மெசின் போடாமல் சீப்பும் கத்தரிக்கோலுமாகக் குறைத்து, கோடு விழாமல் மேலே கலக்கவிட்டு, முன்னால் மூன்று விரல் நீளம் விடுவேன். காலையில் உச்சி பிரித்துப் படிய இழுத்தால் பாடசாலைத் தலை. பின்னேரம் கையால் மேலே கோதிவிட்டால் அவன் விரும்பிய தலை. இரண்டையும் கதிரையிலேயே இழுத்துக் காட்டி, எப்படி இழுப்பதென்று பெடியனுக்குப் பழக்கித்தான் அனுப்புவேன். தகப்பன்மாரில் ஒருவராவது இதற்குக் குறை சொன்னதில்லை.

போனில் காட்டுகிற படத்தை நான் வேண்டாம் என்று சொல்லுவதில்லை. நடிகரோ பந்தடிக்காரரோ, படம் இருந்தால் கதைக்க ஒரு பிடி கிடைக்கும். ஆனால் அது முன்பக்கப் படம், வெளிச்சம் அடித்துப் பிடித்தது, மயிரில் மெழுகு பூசியது. பக்கமும் பின்பக்கமும் தெரியாது. அவருடைய மயிர் நேரானது, இவருடையது சுருட்டை. "இந்தப் படத்திலை உமக்குப் பிடிச்சது எது?" என்று விரலால் தொட்டுக் காட்டச் சொன்னால், பாதிப் பேர் தாடியைத் தொடுகிறார்கள். எல்லாவற்றிலும் நல்ல படம் உங்கள் படம்தான். ஒரு வெட்டு உங்களுக்குப் பிடித்திருந்தால் அன்றைக்கே முன்னால், பக்கத்தில், பின்னால் என்று மூன்று படம் எடுத்துப் போனில் வையுங்கள். ஊர் மாறினாலும் தேசம் மாறினாலும் அந்த மூன்று படமும் போதும். தமிழ் தெரியாத தொழிலாளிக்கும் விளங்கும்.

வயது போனவர்கள் "முன்பக்கம் பார்த்து வெட்டுங்கோ" என்று மட்டும் சொல்லுவார்கள். மயிர் ஐதாகிற இடத்தைச் சொல்லுகிறார்கள். அதற்கு மேல் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. பக்கங்களைக் குறைத்தால் மேலே இருப்பது கூடத் தெரியும் என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவேன்.

வெட்டு முடிந்து பின்னால் கைக்கண்ணாடி பிடிக்கும்போது, பார்க்காமலே "சரி, சரி" என்று எழும்பாதீர்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். உச்சி பிரித்து நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாரமாக இருந்தால், கிருதா ஏற்றம் இறக்கமாக இருந்தால், போர்வைத் துணியைக் கழற்ற முன்னம் சொல்லுங்கள். எனக்கு அது இரண்டு நிமிட வேலை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் குறை சொன்னால் அடுத்த மாதம்வரை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தொழில் பழகுகிற பெடியளுக்கும் இதையேதான் சொல்லுவேன். வந்தவர் குறை சொன்னால் வாதாடாதே, தொட்டுக் காட்டச் சொல்லு. முதல் சுற்றில் எப்போதும் கொஞ்சம் கூட விடு, எடுக்கலாம், ஒட்ட முடியாது.

கலியாண மாப்பிள்ளைமாரிடமும் முதற்கேள்வி வேறு. "தம்பி, தலைப்பா எத்தனை மணிக்குக் கழட்டுவியள்?" தாலி கட்டும்போது தலைப்பாவுக்குள் மயிர் அமர்ந்துபோகும். பின்னேர வரவேற்புக்குத் தலைப்பா இல்லாமல் நிற்பார்கள், படங்களில் பாதி அப்போது எடுப்பது. முன்மயிர் மிகவும் நீளமென்றால் அமர்ந்தது எழும்பாது. ஆகவே மாப்பிள்ளை ஒரு மாதத்துக்கு முன்னம் வந்து வடிவத்தை முடிவு செய்யவேண்டும், கலியாணத்துக்கு நாலைந்து நாள் இருக்க வந்து ஓரங்களை மட்டும் சீராக்கவேண்டும். முதல் நாள் வந்து புது ஸ்ரைல் கேட்கிறவருக்கு நான் அதை வெட்டமாட்டேன், இருக்கிறதைத் துப்புரவாக்கித்தான் விடுவேன். காலையில் பாலறுகு வைத்துத் தோய வார்ப்பார்கள் என்பதால் ஜெல்லும் மெழுகும் முழுக்குக்குப் பிறகு. தலை காயக் கால் மணித்தியாலமாவது வேண்டும், வீடியோக்காரரிடம் அந்த நேரத்தை முதலே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லித் தோழனிடம் சொல்லி அனுப்புவேன். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது.